கஸ்பார் இறுக்கினது

போல்ட்டோட தலை மட்டும் ஸ்பேனரோட கையில வந்துட்டு. உடம்பு உள்ளேயே இருக்கு, கியர் லிவருக்குள்ள, எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்ங்கிற மாதிரி. நான் அந்தத் தலையை உள்ளங்கையில வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன். இத்தனூண்டு. ஆறு மூலையும் அப்படியே இருக்கு, ஒடிஞ்ச இடம் மட்டும் புதுசா மினுங்குது. சவத்து மூதி, ஒடியறதுக்கு உனக்கு இன்னைக்குத்தானா நாள் கிடைச்சுது? நேத்து அடிச்ச கச்சான் காத்துல வாசல்ல நின்ன மோட்டார் சைக்கிள் சாய்ஞ்சு விழுந்துட்டு. ஸ்டாண்டு மண்ணுல புதைஞ்சிருக்கு, நான்தான் கவனிக்கல. விழுந்த வேகத்துல கியர் லிவர் உள்பக்கமா வளைஞ்சு எஞ்சினோட ஒட்டிக்கிட்டு. காலை வச்சு அமுக்கினா அசைய மாட்டேங்குது. கியர் விழலன்னா வண்டி எப்படி நகரும்? லிவரைக் கழட்டி, கல்லுல வச்சு நிமித்தி, திரும்ப மாட்டணும், அம்புட்டுதான் வேலை. வண்டியில இருக்கும்போதே சுத்தியலால தட்டி நிமித்திரலாம்னு முதல்ல தோணிச்சு. ஆனா என் வீட்டுக்காரரு கஸ்பார் அன்னைக்கே சொல்லியிருக்காரு, "ஏட்டி, அந்த லிவர்ல மட்டும் அடிச்சிராத, உள்ள போற தண்டு வளைஞ்சா எஞ்சினையே பிரிக்கணும்"னு. அதனால கழட்டித்தான் ஆகணும். கழட்டணும்னா இந்த ஒத்தை போல்ட் வரணும். இப்ப அதுக்குத் தலையே இல்ல. வர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கிட்டுப் போகலாம்னா இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, ஒருத்தனும் கடை திறக்க மாட்டான். ஞாயித்துக்கிழமை. நினைக்கக் கூடாதுன்னு இருந்தேன், நினைச்சுட்டேன். எங்க கரையில ஞாயித்துக்கிழமை யாரும் கடல்ல இருக்க மாட்டாங்க. நாள் கணக்கா கடல்லயே தங்கி மீன் பிடிக்க, தங்கலுக்குப் போன வள்ளம் எல்லாம் சனிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள கரை பிடிச்சிரும், காலையில பூசைக்கு ஆம்பிளைங்க பக்கம் நிறைஞ்சிருக்கும். இன்னைக்குப் பூசையில அந்தப் பக்கம் அவரு இடம் காலியா இருந்துச்சு. கஸ்பார் போன வள்ளம் இன்னும் வரல.

ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. எஞ்சின் கோளாறாத்தான் இருக்கும். பக்கத்து வீட்டு மிக்கேல் அண்ணன் வள்ளம் நேத்தே வந்துட்டு, அவருதான் சொன்னாரு, "வாக்கி டாக்கியில கஸ்பார் பேசினான்மா, எஞ்சின் மக்கர் பண்ணுதுன்னான், அப்புறம் சத்தம் கேக்கல." அப்புறம் சத்தம் கேக்கல. அதை மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம் அந்த மனுசன். கோளாறுன்னா சரி, கஸ்பார்தான் அந்த வள்ளத்துக்கு டிரைவர், அவரு கை பட்டா ஓடாத எஞ்சின் உண்டா? ஆனா எங்களுக்குக் கடல் கிழக்க, கச்சான் மேக்கால இருந்து அடிக்கிற காத்து. எஞ்சின் இல்லாத வள்ளத்தைக் கரைக்குக் கொண்டு வராது, கரையை விட்டுத் தள்ளும். தள்ளிக்கிட்டே போகும். சரி, போதும், போல்ட்டைப் பாரு ஜெனோவா. கேட் சத்தம் கேக்குது, பிலோமி அக்கா, மிக்கேல் அண்ணன் வீட்டுக்காரி. தலையில முக்காடு கூட எடுக்கல, பூசையில இருந்து நேரா வர்றாங்க. "ஏட்டி, எல்லாரும் கரைக்குப் போறோம். நீ இங்க உக்காந்து வண்டியை நோண்டிக்கிட்டு இருக்கியே, வா." "நீங்க போங்கக்கா, நான் வண்டியில வாறேன்." "இதுலயா? இது எங்க ஓடப் போவுது? நடந்தா வந்துரலாம்." "வண்டியிலதான்க்கா வருவேன்." அவங்க என் மூஞ்சியையே பாத்தாங்க, கோட்டி பிடிச்சிட்டோன்னு நினைச்சிருப்பாங்க. அப்புறம் குரலை இறக்கி, "திரி ஏத்தினியா?"ன்னாங்க. நான் ஸ்பேனரை எடுத்துத் துடைச்சேன். "நான் ஏத்திட்டேன், உன் மாப்பிள்ளைக்காகத்தான். நீயும் ஏத்து." சொல்லிட்டுப் போயிட்டாங்க. நல்ல மனுசிதான். ஆனா அந்தத் திரியைப் பத்தி ஏன் கேட்டாங்க?

நடந்து போக மாட்டேன். அதுல எனக்கு ஒரு கணக்கு இருக்கு, யாருக்கும் சொன்னதில்ல. கஸ்பார் கரை இறங்கினா அவரு வண்டி ஓட்ட மாட்டாரு. கடல்ல அத்தனை நாள் ஆடின காலு, தரையில நின்னாலும் ஆடும். "தார் ரோடே அலை மாதிரி வருதுட்டி"ம்பாரு. அதனால நான்தான் வண்டியைக் கொண்டு போய் மீன் ஏலக் கொட்டகை பக்கம் நிப்பேன். அவரு பின்னால ஏறி உக்காந்து, ஒரு கையில மீன் பையும் இன்னொரு கை என் தோள்லயுமா வருவாரு. கரையில எத்தனை பேரு கேலி பண்ணியிருக்காங்க, "பொண்டாட்டி டிரைவர், புருசன் சவாரி"ன்னு. "ஆமாடே, உனக்கு அந்தக் கொடுப்பினை உண்டா?"ன்னு இவரு திருப்பிக் கேப்பாரு. என்ன ஒரு மனுசன்! மத்தவன்னா வெக்கத்துல இறங்கி நடந்திருப்பான். அப்போ, வண்டியோட போனா அது ஆளைக் கூப்பிட்டு வரப் போறது. நடந்து போனா அது வேற. நடந்து போற பொம்பளைங்களை நான் பாத்திருக்கேன். ஒரு தடவை, வராத வள்ளத்துக்காக மணல்ல வரிசையா உக்காந்திருந்தாங்க, முந்தானையை வாயில வச்சுக்கிட்டு, ஒருத்தரோட ஒருத்தர் பேசாம. தண்ணி கொடுத்தா வாங்கிக் குடிச்சாங்க, கையை நீட்டினா எழுந்திருச்சாங்க, மறுபடியும் உக்காந்தாங்க. அந்த மணல்ல நான் உக்கார மாட்டேன். எனக்குக் கரையில ஒரு வேலை இருக்கணும். வண்டியை நிறுத்தி, சாவியைக் கையில வச்சுக்கிட்டு, ஏறுங்க போவோம்னு சொல்ற வேலை. அதுக்கு இந்தப் போல்ட் வரணும்.

எப்படித்தான் இறுக்குவாரோ! அந்தக் கையைப் பத்தி ஒரு நாள் முழுக்கச் சொல்லலாம். ஊறுகாய் பாட்டிலை அவரு மூடினா அந்த வாரம் எங்களுக்கு ஊறுகாய் கிடையாது. கேஸ் சிலிண்டர் மாட்டிட்டுப் போனாருன்னா, சிலிண்டர்காரப் பையன் வந்து, "அக்கா, இது உங்க வீட்டு அண்ணன் மாட்டினதா?"ன்னு கேட்டுட்டுத்தான் சட்டைக் கையை மடக்குவான். குழாயை மூடினா வாஷர் நசுங்கிரும். எத்தனை சண்டை போட்டிருக்கேன், "நீங்க திறக்கிறதுக்குன்னு கூடவே இருப்பீங்களா, நீங்க கடலுக்குப் போயிட்டா நான் என்ன பண்ண?"ன்னு. சிரிப்பாரு. "கடல்ல லூசா விட்டா ஒண்ணும் மிஞ்சாதுட்டி. எஞ்சின் நடுக்கத்துல எல்லாம் தானா கழண்டு போவும். இறுக்கிப் பழகின கை, வீட்டுக்கு வந்தா மட்டும் மறந்துருமா?" உண்மைதான். அவரு கட்டின முடிச்சு அவுந்து நான் பாத்ததில்ல. அவரு ஆணி அடிச்சு மாட்டின மாதா படம் போன புயல்ல வீடே ஆடினப்பவும் ஆடல. கல்யாணத்தன்னைக்குத் தாலிச் செயின் கொக்கி திறந்து திறந்து விழுந்துச்சு, கோயில்ல எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க, இவரு என்ன பண்ணாரு, குனிஞ்சு பல்லால கடிச்சு ஒரே இறுக்கு! சாமியாரே சிரிச்சிட்டாரு. அன்னையில இருந்து அந்தக் கொக்கியை யாரும் திறந்ததில்ல. பத்தர்கிட்டக் கொண்டு போனப்போ அவரும் பாத்துட்டு, "இதை வெட்டித்தாம்மா எடுக்கணும்"னாரு. வெட்டி. ஐயோ, சீ, என்ன நினைப்பு இது, வாயைக் கழுவு ஜெனோவா, நினைப்பைக் கழுவு. எதுக்கு அதை வெட்டணும், யாரு வெட்டப் போறா. கை தானா கழுத்துக்குப் போவுது, கிரீஸ் கையோட. இருக்கு. கொக்கி அப்படியே இருக்கு.

டீசல் ஊத்திப் பாத்துட்டேன். கேன்ல எப்பவும் வள்ளத்து டீசல் கொஞ்சம் கிடக்கும், துருப் பிடிச்ச எதையும் ஊற வச்சா ரெண்டு நாழியில இளகிரும்னு இவருதான் காட்டித் தந்தாரு. காலையில பூசைக்குப் போறதுக்கு முன்னாலயே ஊத்தி வச்சுட்டுத்தான் போனேன். வந்து பாத்தா, ஊத்தினது ஊத்தின மாதிரியே மேல நிக்கி. உள்ள ஒரு சொட்டு இறங்கல. துரு அப்படி இருக்காதே. துருன்னா குடிக்கும். எங்க வீட்டு ஜன்னல் கொண்டி, கிணத்து உருளை, உப்புக் காத்துல துருப் பிடிச்சது எல்லாமே எண்ணெயைக் கண்டா குடிக்கும். இது குடிக்கல. சின்னச் சுத்தியலால தட்டினேன், சூடு தண்ணி ஊத்தினேன், அப்புறம் ஸ்பேனரைப் போட்டு, ஸ்பேனர் மேல காலை வச்சு, மாதாவேன்னு ஒரு மிதி. அப்பத்தான் தலை ஒடிஞ்சுது. இரும்பு ஒடியுது, இவரு இறுக்கினது இளகல! கோவமும் வருது, கும்பிடவும் தோணுது. என்ன கை அது, என்ன கை. இந்த லிவர் ஒரு தடவை கழண்டு விழுந்திருக்கு. அப்ப இவ்வளவு இறுக்கம் இல்ல. உப்பு லாரி போற ரோட்டுல நான் தனியா வந்துக்கிட்டு இருந்தேன், காலை அமுக்கினேன், அடியில ஒண்ணுமே இல்ல. லிவர் ரோட்டுல கிடக்கு. வண்டி அதே கியர்ல திணறி நடு ரோட்டுல நின்னுட்டு, பின்னால லாரி ஹாரன், என் முதுகைத் தொட்ட மாதிரி வந்து நின்னான். டிரைவர் இறங்கி வந்து கண்டபடி திட்டினான். வீட்டுக்கு வந்து சொன்னேன், சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன், ஆனா கஸ்பார் சிரிக்கல. சாப்பிட்டுக்கிட்டு இருந்தவரு கையைத் தட்டுலயே வச்சுக்கிட்டு, "எவ்வளவு பக்கத்துல நின்னான்?"னு கேட்டாரு. "இந்தா, இவ்வளவு." அப்புறம் அவரு சாப்பிடல.

அந்த ஞாயித்துக்கிழமை பூராவும் வண்டிகிட்டயே உக்காந்திருந்தாரு. எப்பவும் நான்தான் பக்கத்துல உக்காந்து பத்தாம் நம்பரு பன்னெண்டாம் நம்பருன்னு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். அன்னைக்கு மட்டும், "நீ போய் டீ போடு, போ"ன்னு அனுப்பிட்டாரு. டீ கொண்டு வந்தா, "இன்னும் கொஞ்சம் சீனி"ன்னு திரும்ப அனுப்பினாரு. எதையோ மறைக்காருன்னு தெரிஞ்சுது, என்னன்னு கேக்கல. முடிச்சுட்டு எழுந்து நின்னு, லிவரை நாலு மிதி மிதிச்சுட்டு, "இனி விழாது, பாத்துக்கோ. வண்டி பீஸ் பீஸா போனாலும் இது விழாது"ன்னாரு. விழல. இன்னைக்கு வரைக்கும் விழல. வண்டிதான் விழுந்துட்டு. என்ன பண்ணினீரு மனுசா, என்னத்தைப் போட்டு இறுக்கினீரு? பக்கத்துல இருந்தா கேப்பேன். இப்ப எங்க இருக்கீங்க? இப்ப இந்த நேரம் அவரும் எஞ்சின் பக்கத்துலதான் குனிஞ்சு உக்காந்திருப்பாரு. வள்ளம் ஆடும், அடியில தண்ணி சலசலக்கும், டீசல் நாத்தம், முதுகுல வெயில். கூடப் போனவனுங்க மேல நின்னு எதாவது வள்ளம் தெரியுதான்னு பாத்துக்கிட்டு இருப்பானுங்க. இவரு மட்டும் தலையைத் தூக்க மாட்டாரு. தூக்காதீங்க, கரை எங்கன்னு பாக்காதீங்க, வேலையைப் பாருங்க. நானும் தலையைத் தூக்கல.

சூடு பண்ணணும். வேற வழி இல்ல. வர்க்‌ஷாப்புல கடைசியா அதைத்தான் செய்வான், நீல நெருப்பு வச்சுக் காட்டுவான், எந்தப் போல்ட்டும் வழிக்கு வந்துரும். என்கிட்ட நீல நெருப்பு இல்ல. கேஸ் அடுப்பை வாசலுக்குத் தூக்கிட்டு வர முடியாது. கரண்டியைச் சுட வச்சு வச்சுப் பாக்கலாமா? கொண்டு வர்றதுக்குள்ள ஆறிரும். மெழுகுதிரி. சின்னப் போல்ட்டுதானே, மெழுகுதிரி போதும், நின்னு எரிஞ்சா போதும். பொட்டியில பாத்தேன், ஒண்ணு கூட இல்ல. நேத்து காத்துல கரண்டு போனப்போ இருந்ததையெல்லாம் கொளுத்தியாச்சு. ஒண்ணு இருக்கு. மாதா படத்துக்குப் பின்னால, துணியில சுத்தி. அது மெழுகுதிரித் திருநாளுக்குக் கோயில்ல மந்திரிச்சுக் கொடுத்தது. அதைச் சும்மா ஏத்தக் கூடாது. மாமியார் இருந்த காலத்துல இருந்து சட்டம் அது. கடல்ல ஆள் இருக்கும்போது பெரும் காத்து வந்தா ஏத்தணும், இல்ல வீட்டுல ஒரு உசுரு பிரியும்போது ஏத்தணும். பிலோமி அக்கா கேட்டது இதைத்தான். நேத்து முழுக்க நான் அந்தப் படத்துப் பக்கமே போகல. ஏத்தினா என்ன அர்த்தம்? ஆளுக்கு ஆபத்துன்னு நானே என் வாயால ஒத்துக்கிட்டதா அர்த்தம். நான் ஒத்துக்க மாட்டேன். எஞ்சின் கோளாறு, அம்புட்டுதான்.

திரியைக் கையில எடுத்துட்டேன். துணிக்குள்ள குளுந்து கிடக்கு, குழந்தை விரல் மாதிரி. மாதாவைப் பாத்தேன். "இங்க பாருங்கம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இது அவருக்காக இல்ல. அவருக்கு ஒண்ணுமில்ல. இது போல்ட்டுக்கு." சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வருது. மாமியார் இருந்தா என்னைத் துடைப்பத்தால அடிச்சிருப்பாங்க. பெட்ரோல் குழாயை மூடினேன், டீசலை நல்லாத் துடைச்சேன், டேங்க் மேல ஈரச் சாக்கைப் போட்டேன். தீப்பெட்டியில ஒண்ணு அணைஞ்சுது, ரெண்டு அணைஞ்சுது, காத்து விட மாட்டேங்குது. முந்தானையை விரிச்சு மறைப்புக் கட்டினேன், வண்டிக்கும் எனக்கும் நடுவுல ஒரு சின்ன வீடு மாதிரி ஆயிட்டு, அதுக்குள்ள திரி எரியுது. போல்ட்டோட நுனி லிவருக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்கு, அதுலதான் சுடரைக் காட்டினேன். கறுத்துக்கிட்டே போகுது. ஒண்ணும் ஆகல. முட்டி வலிக்குது. காத்துச் சத்தம், எங்கயோ கோழி கத்துது, தெருவுல ஒரு ஆளு இல்ல, எல்லாரும் கரையில. அணைஞ்சிராத, அணைஞ்சிராத. திரியைப் பாத்துத்தான் சொல்றேன். திரியைப் பாத்துத்தான்.

அப்பத்தான் அந்த வாசனை வந்துச்சு. மெழுகு வாசனை இல்ல, டீசலும் இல்ல. இனிப்பா, காரமா, மூக்குல ஏறி நெத்தியில போய் நிக்கிற வாசனை. எனக்குத் தெரியும் இது. கல்யாணமான புதுசுல அவரு சட்டையைத் துவைக்கும்போது இந்த வாசனைதான் வரும், எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. ரெசின்! வள்ளத்துல ஓட்டை விழுந்தா பைபர் துணியோட சேத்து ஊத்தி அடைப்பாங்களே, காஞ்சா கல்லாயிருமே, அந்த ரெசின். அட கோட்டிக்கார மனுசா! வள்ளத்துக்கு ஊத்துறதைக் கொண்டு வந்து மோட்டார் சைக்கிளுக்கு ஊத்தியிருக்கீரே! இது துரு இல்ல. துருவே இல்ல. தண்ணி போகாது, டீசல் போகாது, எதுவும் போகாது, கடலையே உள்ள விடாத சாமான் இது. எந்த மெக்கானிக் செய்வான் இப்படி? ஒருத்தன் செய்ய மாட்டான், தலையில அடிச்சுக்குவான், போல்ட்டுன்னா நாளைக்குக் கழட்டணும்ல? ஆனா அவருக்கு அந்த லாரி என் முதுகுக்குப் பின்னால நின்னதுதான் கண்ணுக்குள்ள நின்னிருக்கு. நாளைக்குக் கழட்டுறதைப் பத்தி அவரு ஏன் நினைப்பாரு? என்னை டீ போட அனுப்பிட்டு, நான் பாத்தா சிரிப்பேன்னு ஒளிச்சு வச்சு, சொட்டுச் சொட்டா ஊத்தியிருக்காரு. இன்னும் கொஞ்சம் சீனின்னு சொன்னது இதுக்குத்தானா. அழுகை வந்துட்டு. நேத்துல இருந்து வராத அழுகை, பூசையில வராத அழுகை, இந்த நாத்தத்துல வந்துட்டு. அழுதுக்கிட்டே திரியைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். சூடு மட்டும்தான் இதை இளக்கும்னு இப்பத் தெரிஞ்சு போச்சு.

கவ்வினா விடாத பிளேயர் ஒண்ணு இருக்கு அவருகிட்ட, அதை எடுத்து நீட்டிக்கிட்டு இருக்கிற நுனியைக் கவ்வினேன். எந்தப் பக்கம் திருப்ப? வந்த வழியே திருப்பினா திரும்பி உள்ளே போகும், பிடிக்கிறதுக்கு அங்க தலை இல்ல, பிளேயருக்கு நுனியும் மிஞ்சாது. கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்து யோசிச்சேன். தலைதான் இல்லையே. தலை இருந்தாத்தானே ஒரு இடத்துல தடுக்கி நிக்கும்? அப்ப அவரு இறுக்கின திசையிலயே இன்னும் இறுக்கிக்கிட்டே போனா? இந்தப் பக்கமா மொத்தமும் வெளிய வந்துரும்ல! யாரும் சொல்லித் தரல, எனக்கே தோணிச்சு. சொன்னா நம்ப மாட்டாரு. சுடச் சுட ஒரு திருப்பு. ஒண்ணுமில்ல. இன்னொண்ணு. பல்லைக் கடிச்சேன், அவரு கொக்கியைக் கடிச்ச மாதிரி. "வாங்க"ன்னு சத்தமாவே சொல்லிட்டேன். யாரைச் சொன்னேன்? டிக்னு ஒரு சத்தம், எலும்புல சொடக்கு எடுத்த மாதிரி. நான் ஒடிஞ்சிட்டுன்னே நினைச்சேன். ஒடியல. அசைஞ்சிருக்கு. ஒரு நூல் அளவு. அப்புறம் இன்னொரு நூல். அப்புறம் அது பாட்டுக்கு வந்துச்சு, முணுமுணுத்துக்கிட்டு, மரையெல்லாம் தேன் நிறத்துல ரெசின் ஒட்டிக்கிட்டு, மொத்தமா என் கைக்குள்ள விழுந்துச்சு. சூடு பொறுக்கல, ஆனாலும் கீழ போடல. அதை முந்தானை நுனியில முடிஞ்சு வச்சுக்கிட்டேன்.

மத்ததெல்லாம் மளமளன்னு நடந்துச்சு. லிவரை உருவி, துவைக்கிற கல்லுல வச்சு நாலு அடி, நிமிந்துட்டு. அவரு டப்பாவுல தேடி ஒரு புது போல்ட் எடுத்தேன், போட்டேன், இறுக்கினேன். இறுக்கும்போது, போதும் போதும் இதுக்கு மேல வேண்டாம்னு மனசு சொல்லுது, கை கேக்கல. இன்னும் ஒரு கால் திருப்பு. இன்னும் ஒண்ணு. நீங்க மட்டும்தான் இறுக்குவீங்களா? திரி இன்னும் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. வேலை முடிஞ்சுது, அணைக்க வேண்டியதுதானே, ஊதுறதுக்குக் குனிஞ்சேன். வாய் வரைக்கும் காத்து வந்துட்டு, ஊத முடியல. உள்ள கொண்டு போய், டம்ளர்ல நிறுத்தி, மாதா முன்னால வச்சேன். சாவியை எடுத்துக்கிட்டு வெளிய வந்தேன்.

கரைக்குப் போற ரோட்டுல காத்து என்னையும் வண்டியையும் சேத்துத் தள்ளுது. ஒவ்வொரு கியருக்கும் காலுக்கு அடியில லிவர் கெட்டியா நிக்கி. ஏலக் கொட்டகை பக்கம் கூட்டம். பொம்பளைங்க மணல்ல உக்காந்திருக்காங்க, பிலோமி அக்கா நடுவுல. நான் இறங்கல. எப்பவும் நிப்பாட்டுற இடத்துல நிப்பாட்டி, சாவியைக் கையில வச்சுக்கிட்டு, சீட்டுலயே உக்காந்திருந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியாது. யாரோ ஒருத்தன் கொட்டகை மேல ஏறி நின்னு கத்தினான், "கயிறு கெட்டி இழுத்துட்டு வாரானுவ! ரெண்டு வள்ளம் வருது!" எல்லாரும் தண்ணிக்கு ஓடினாங்க. நான் ஓடல. வண்டியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். கூட்டத்தைப் பிளந்துக்கிட்டு அந்த நடை வருது, ஆடி ஆடி, தரையை நம்பாத நடை. மூஞ்சியெல்லாம் கரி. வலது கையில கிழிஞ்ச லுங்கித் துணி சுத்தியிருக்கு. பக்கத்துல வந்து நின்னு, "ரொம்ப நேரமா நிக்கியா?"ன்னாரு. "இப்பத்தான் வந்தேன், ஏறுங்க." ஏறினாரு. வண்டி அமுங்கிச்சு. அந்தக் கனம். ஆண்டவரே, அந்தக் கனம்.

"என்ன ஆச்சு?"ன்னு திரும்பாமலே கேட்டேன். "எஞ்சின்ல போல்ட் ஒண்ணு ஒடிஞ்சு போச்சுட்டி. தலை மட்டும் கையோட வந்துட்டு. ராத்திரி பகலா மல்லுக்கட்டினேன், வரவே இல்ல சனியன். யாரு இறுக்கினதுன்னு பாத்தா, நான்தான்." நான் சிரிச்சுட்டேன். "நீ எதுக்குச் சிரிக்க?" அப்பத்தான் குனிஞ்சு கீழ பாத்தாரு போல. "ஏட்டி, லிவர் போல்ட் புதுசா இருக்கு. பழசை எவன் கழட்டினான்? அது கழலாதே!" "நான்தான் கழட்டினேன்." "நீயா! என்னத்தை வச்சு?" முந்தானை முடிச்சை அவுத்து அந்தத் தலையில்லாத போல்ட்டைப் பின்னால நீட்டினேன். வாங்கிப் பாத்தாரு. "சூடு காட்டினியா?" "ம்." "எதுல?" "திரியில." "எந்தத் திரி?" வீட்டுல ஒரே ஒரு திரிதான் துணியில சுத்தி இருக்கும்னு அவருக்குத் தெரியும், அதை எப்ப ஏத்துவாங்கன்னும் தெரியும். "போல்ட்டுக்குத்தான் ஏத்தினேன்"னு சொன்னேன். தோள்ல இருந்த அவரு கை இறுகிச்சு. துணி சுத்தின கை, காயம் பட்ட கை, அதுலயே அந்த இறுக்கு. எலும்பு வரைக்கும் வலிச்சுது. கொஞ்சம் தளத்துங்கன்னு நான் சொல்லல. முதல் கியரைப் போட்டேன்.